பஸ் வாங்குமுன் பாதையைக் கேளுங்கள்

"மாமா, நீங்க ஒரு சைன் மட்டும் வெச்சாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்குவன்."

ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் ராத்தாவின் மகன் வீட்டுக்கு வந்து இப்படிச் சொன்னான். கையில் லீசிங் கம்பனி ஒன்றின் படிவம் இருந்தது. அதில் பிணையாளி கையொப்பமிடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போடப்பட்டிருந்தது. அக்கரைப்பற்றில் சிறியதொரு புடவைக் கடை நடத்தி வரும் அவன், கொழும்பு லைனில் ஓடுவதற்கு பாவித்த குளிரூட்டிய சொகுசு பஸ் ஒன்றை விலை பேசியிருந்தான். முற்பணத்துக்கு, ராத்தாவின் பெயரில் இருக்கும் இரண்டு கடை அறைகளில் ஒன்றை விற்பதாக ஏற்பாடு. மீதிக்கு லீசிங். அந்த லீசிங்குக்குப் பிணை நான்.

படிவத்தை வாங்கி மேசையில் வைத்தேன். பேனையை எடுக்கவில்லை. அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். வண்டி எந்தப் பாதையால் கொழும்புக்குப் போகிறது? பேர்மிட் யாருடைய பெயரில் இருக்கிறது? செவ்வாய்க்கிழமை இரவு எத்தனை சீட் நிரம்பும்? வண்டியின் நிறம், சீட்டின் மெத்தை, ஏசியின் குளிர், டீவியின் அளவு எல்லாம் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இந்த மூன்றுக்கும் மட்டும் பதில் தெரியவில்லை.

வாசகர்களில் பலருக்கும் இந்த எண்ணம் வந்திருக்கும். கடையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் "ஒரு பஸ் போட்டால் என்ன?" என்று யோசிக்காத வியாபாரி நமது ஊர்களில் குறைவு. நான் நடத்துநராக இருந்திருக்கிறேன், சாரதியாக இருந்திருக்கிறேன், முதலாளியாக இருந்து நட்டப்பட்டும் இருக்கிறேன். அதனால் மருமகனுக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு ஏன் பஸ் ஆசை?

கிழக்கில் வியாபாரமும் பஸ்ஸும் ஒன்றோடொன்று பின்னியவை. என் வாப்பா புடவை வியாபாரி. மாதத்தில் இரண்டு தடவை இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போவார். விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, சுபஹு தொழுது, தேநீர் குடித்து, கடைகள் திறக்கும்வரை காத்திருப்பார். பிரதான வீதி, கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெரு என்று சுற்றிச் சாமான் எடுத்து, நாட்டாமைகளின் தலையில் ஏற்றி பஸ்ஸடிக்குக் கொண்டு வருவார். அன்றிரவே பொதிகளோடு திரும்புவார். பஸ்ஸின் கெரியரில் கட்டப்பட்ட பொதிகளுக்கு நடத்துநர் கூலி வாங்குவதை வாப்பா பார்த்துக்கொண்டே நிற்பார். "நாம சாமான் வித்துத்தான் இலாபம் பார்க்கணும். இவன் ஏத்தினாலே இலாபம்" என்று அடிக்கடி சொல்வார். எனக்கும் பஸ் ஆசை அங்கிருந்துதான் தொற்றியது.

எமது மூத்த தலைமுறைக்கு பஸ் என்றால் அது இ.போ.ச. மட்டும்தான். 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் யாவும் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதன்பின் இருபது வருடங்களுக்கு மேலாகத் தனியாருக்கு அதில் இடமிருக்கவில்லை. 1979இல் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது உள்ளே வந்தவர்கள் பெரிய கம்பனிக்காரர்கள் அல்லர். ஒரு வேன், ஒரு சிறிய பஸ் என்று கடன்பட்டு வாங்கிய தனி மனிதர்களே அதிகம். இன்றும் இத்தொழில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அதனாலேயே ஒரு பஸ் விழுந்தால் ஒரு குடும்பமே விழுந்துவிடுகிறது.

முதல் வண்டி: ரோசா

1990களின் நடுப்பகுதியில் நானும் காக்காவும் பங்குக்கு ஒரு பழைய மிட்சுபிஷி ரோசா எடுத்து கல்முனை – அக்கரைப்பற்று லைனில் போட்டோம். தூரம் 30 கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கல்முனையில் புறப்பட்டால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, பிறகு அக்கரைப்பற்று. இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் கை காட்டுவார், ஒருவர் இறங்குவார்.

இப்படியான லைனுக்கு ரோசா, கோஸ்டர் போன்ற சிறிய வண்டிகள் செய்து வைத்தது போலப் பொருந்தும். முன்சக்கரம் சாரதியின் காலடியிலேயே இருப்பதால் சந்தைக்குள் நெளித்து ஓட்டலாம். நிறுத்தி எடுக்க இலேசு. டீசல் கொஞ்சம். முப்பது பேருக்குள் வண்டி நிரம்பிவிடுவதால் தரிப்பிடத்தில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர் லைனில் உழைப்பது சீட்டின் எண்ணிக்கை அல்ல, நடையின் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை நடை போய் வருகிறீர்கள் என்பதுதான் கணக்கு. அந்த லைனில் ஐம்பது சீட் வண்டியைப் போட்டவர்கள் வண்டி நிரம்பும்வரை ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். பின்னால் வந்த சிறிய வண்டி முந்திக்கொண்டு சனத்தை அள்ளிச் சென்றது.

உள்ளூர் லைனின் தொல்லைகளும் உண்டு. நேரசூசி தப்பினால் அடுத்த வண்டிக்காரரோடு சண்டை. மாணவர்களில் பலர் சீசன் டிக்கட்டோடு இ.போ.ச. பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இருந்தாலும் அந்த ரோசா எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் ஏழு வருடம் சோறு போட்டது. அதை விற்றதுதான் நான் செய்த முதல் பிழை.

நீள வண்டி, நீளப் பாதை

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. பாதைகள் திறந்தன. இரவுப் பயணம் கூடியது. புறக்கோட்டைக்குப் போகும் வியாபாரிகளின் தொகையும் கூடியது. "இனிக் கொழும்பு லைன்தான் காசு" என்று எல்லோரும் பேசினார்கள். 2003இல் ரோசாவை விற்று, மேலதிகத்துக்கு லீசிங் எடுத்து, அசோக் லேலண்ட் வைக்கிங் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு சீட் கொண்ட, 54 பேர் அமரும் வண்டி.

சிறிய வண்டி ஓட்டியவர் நீள வண்டியில் ஏறினால் முதல் ஒரு மாதம் மறுபடியும் மாணவர்தான். லேலண்டில் சாரதி முன்சக்கரத்துக்கும் முன்னால் அமர்ந்திருக்கிறார். எனவே திரும்ப வேண்டிய இடம் வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்சக்கரம் மதகில் ஏறிவிடும். தன் உடம்பு சந்தியைத் தாண்டிப் போகும்வரை பொறுத்துத்தான் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது வண்டியின் வால் மற்றப் பக்கம் வீசும். அங்கே ஒரு சைக்கிள்காரர் நின்றால் அவர் கதி என்ன? ரோசாவில் எனக்குத் தெரியாத பயம் அது.

பிரேக்கும் வேறு. எங்கள் ரோசாவில் இருந்தது ஓயில் பிரேக். லேலண்டில் எயார் பிரேக். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தாங்கியில் காற்று நிரம்பும்வரை வண்டியை அசைக்கக்கூடாது. இறக்கத்தில் அடிக்கடி பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் காற்றும் குறையும், ட்ரம்மும் சூடேறும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பாவிக்க வேண்டும். எங்கள் வண்டி அம்பாறை, மஹியங்கனை, கண்டி வழியாக ஓடியது. ஹசலக்கவிலிருந்து உடுதும்பறைக்கு ஏறும் பதினெட்டு வளைவை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சமதரையில் பத்து வருடம் ஓட்டிய அனுபவம் அங்கே எதற்கும் உதவவில்லை. ஒரு பழைய இ.போ.ச. சாரதியைச் சம்பளத்துக்கு வைத்து, பக்கத்தில் நின்று மூன்று மாதம் பார்த்துப் பழகினேன்.

முதல் இரண்டு வருடம் நல்ல உழைப்பு. பெருநாள் காலங்களில் கெரியரில் இடமிருக்காது. பயணிகளின் காசு டீசலுக்கும் சம்பளத்துக்கும் போனது. பொதிக்கூலி லீசிங் தவணைக்குப் போனது. வாப்பா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

பாதை மூடியது, பாதை திறந்தது

2006இல் யுத்தம் மீண்டும் மூண்டது. சோதனைச் சாவடிகள் பெருகின. ஒவ்வொரு இடத்திலும் பயணிகள் இறங்கிப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், கெரியரில் கட்டியதை அவிழ்க்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். விடியற்காலையில் புறக்கோட்டையில் நிற்க வேண்டிய வண்டி பகல் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது. வியாபாரிக்கு அன்றைய நாள் வீண். ஒரே நாளில் வாங்கித் திரும்ப முடியாவிட்டால் அவர் ஏன் வருவார்? மெல்ல மெல்லப் பொதிகள் லொறிகளுக்கு மாறின. 54 சீட்டில் 20 பேரோடு ஓடிய இரவுகள் உண்டு. வண்டி மாறவில்லை, சாரதி மாறவில்லை, கட்டணம் மாறவில்லை. பாதைதான் மாறிற்று. 2007இல் ஆறு தவணை தவறி, லேலண்ட் கம்பனிக்காரரின் யார்டுக்குப் போய்விட்டது.

இதைவிடப் பெரிய பாடம் பிறகு வந்தது. 2009இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் பழைய பஸ் முதலாளிகள் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. பாதைகள் காபட் போடப்பட்டன. மட்டக்களப்புப் பக்கத்தில் மன்னம்பிட்டியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தை மாறி மாறிப் பாவித்த காலம் 2007இல் புதிய பாலம் திறந்ததோடு முடிந்திருந்தது. நல்ல பாதை எல்லோருக்கும் நல்ல பாதை. புதிய வண்டிகள் வந்தன, வேன்கள் வந்தன, சொந்தக் கார் வாங்கியவர்கள் பெருகினார்கள். பாதை மூடினால் ஒரு நட்டம். பாதை திறந்தால், ஆயத்தமில்லாதவருக்கு இன்னொரு நட்டம்.

இன்று எமது கரையோரத்திலிருந்து கொழும்புக்குப் போக மூன்று பிரதான வழிகள் உள்ளன. மட்டக்களப்பு, பொலன்னறுவை வழி ஒன்று. அம்பாறை, மஹியங்கனை, கண்டி வழி ஒன்று. மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு சனம், வேறு டீசல் கணக்கு, வேறு ஆபத்து. வெள்ளக் காலத்தில் மாவடிப்பள்ளியில் தண்ணீர் பாய்ந்தால் காரைதீவு – அம்பாறை வீதி நின்றுவிடும். 2024 நவம்பரில் அங்கே மத்ரஸா மாணவர்களின் உயிர்கள் பறிபோனதை எப்படி மறப்போம்? 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவால் மூடப்பட்டன. அப்படியான நாளில் வழி மாறிப் போக உங்கள் வண்டியால் முடியுமா, சாரதிக்கு அந்த வழி தெரியுமா, கூடுதல் டீசலுக்குக் கையில் காசு இருக்குமா? வண்டி வாங்க முன்னரே இதை யோசிக்க வேண்டும்.

பேர்மிட் என்னும் கடதாசி

பஸ் தொழிலில் உண்மையான சொத்து வண்டியல்ல, வழித்தட அனுமதிப்பத்திரம். மாகாணத்துக்குள் ஓடும் வண்டிக்கு அதனை வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. கல்முனை – அக்கரைப்பற்று போன்ற லைன் அதில் அடங்கும். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதற்கு, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அனுமதி தேவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் ஓட முடியாது.

அந்தப் பத்திரம் வெறுமனே "கொழும்புக்கு ஓடலாம்" என்று சொல்வதில்லை. எந்த வழியால், எந்தத் தரச் சேவையாக என்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. புறப்படும் நேரமும் உங்கள் இஷ்டமல்ல, நேரசூசியின்படிதான். சாதாரண சேவை, அரைச் சொகுசு, சொகுசு என்று தரம் மாறினால் கட்டணமும் மாறும். ஆகவே இலாபமில்லை என்று கண்டதும் நினைத்தபடி வேறு பாதைக்கு மாறிவிட முடியாது. கடைக்காரர் புடவை ஓடாவிட்டால் பாத்திரம் விற்கலாம். பஸ்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

நான் செய்த இரண்டாவது பிழை இங்கேதான். லேலண்ட் என் பெயரில் இருந்தது. பேர்மிட் வேறொருவர் பெயரில். வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகளோடு ஓர் உடன்படிக்கை. லைன் நன்றாக ஓடியபோது அவர் மாதக்காசைக் கூட்டிக் கேட்டார். மறுக்க எனக்கு வழியிருக்கவில்லை. அந்தத் தாளை எந்த அலுவலகத்திலும் காட்டவும் முடியவில்லை. மருமகன் பார்த்து வைத்த பஸ்ஸின் பேர்மிட்டும் அப்படித்தான் என்று விசாரித்தபோது தெரிந்தது. "பிறகு மாத்தித் தருவாராம் மாமா" என்றான். "மாத்தின பிறகு காசு குடு மகன்" என்றேன்.

சொகுசு வண்டி யாருக்குச் சொகுசு?

லேலண்டை இழந்த பின் சில வருடங்கள் ரயர் கடையோடு இருந்துவிட்டு, 2012இலிருந்து மூன்று வருடம் இன்னொரு முதலாளியின் சொகுசு பஸ்ஸைச் சம்பளத்துக்கு ஓட்டினேன். ஓட்டுவதற்கு அதைப்போல சுகமான வண்டி இல்லை. என்ஜின் பின்னால் இருப்பதால் காலடியில் சூடில்லை, சத்தமில்லை. ஆனால் அந்த அமைதியே ஒரு தொல்லை. லேலண்டில் என்ஜினின் சத்தம் மாறினால் காது உடனே சொல்லும். இதில் மீற்றரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் ஒரு பட்டி அறுந்தால் லைட் எரியும்வரை தெரியாது.

எயார் சஸ்பென்ஷன் காபட் வீதியில் மெத்தை போல. மேடுபள்ளத்திலும் வெள்ளத்திலும் அதுவே பலவீனம். காற்றுப் பை வெடித்தால் ஊர்க் கராஜில் அது கிடைக்காது, கொழும்பிலிருந்து வரவேண்டும். கணினியால் இயங்கும் என்ஜினில் ஒரு சென்சர் பழுதானாலும் வண்டி நின்றுவிடும். லேலண்டை நிந்தவூர் கராஜில் கம்பியும் சுத்தியலும் கொண்டு ஒரு பகலில் எழுப்பியிருக்கிறோம். சொகுசு பஸ் ஒரு தடவை பதினொரு நாள் நின்றது. அந்தப் பதினொரு நாளும் லீசிங் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சொகுசு பஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வண்டி வைத்து, ஒன்று நின்றால் மற்றதை விடக்கூடிய முதலாளிக்கு அது நல்ல தொழில். ஒரேயொரு வண்டியில் குடும்பத்தின் முழு முதலையும் போடுபவருக்கு அது பெரிய பந்தயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் பாவித்த வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியிருந்ததையும், புதிய வண்டிகள் வரும்போது பழையதன் பெறுமதி எப்படிப் போகும் என்பதையும் வாங்குபவர் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பாதை மாறினால் கடைத்தெருவும் மாறும்

பஸ் வாங்கும் எண்ணமே இல்லாத வர்த்தகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கிண்ணியாவைப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குப் போக மக்கள் துறையடியில் இறங்கிப் படகுப் பாதைக்குக் காத்திருந்தார்கள். சனம் காத்து நிற்கும் இடத்தில் தேநீர்க் கடையும் பழக்கடையும் பிழைக்கும். பாலம் வந்ததும் பஸ் நில்லாமல் ஓடியது. ஊருக்கு அது பெரும் வரம். துறையடிக் கடைக்காரர் மட்டும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

தெற்கு அதிவேகப் பாதையும் அப்படித்தான். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டு, 2014இல் மாத்தறையையும் 2020இல் ஹம்பாந்தோட்டையையும் எட்டியது. அவசரப் பயணிகள் மாகும்புரவில் பஸ் ஏறி அதிவேகப் பாதையால் போனார்கள். பழைய காலி வீதியில் நிறுத்தி நிறுத்திப் போகும் பஸ்ஸுக்கு இடைத்தூரச் சனம் மிஞ்சியது. அந்த வீதியில் பஸ் முதலாளிகள் மட்டுமல்ல, இளநீர் விற்பவரும் கணக்கை மாற்றியெழுத வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் ஒரு பஸ் தரிப்பிடம் நூறு யார் தள்ளி மாறினாலும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அங்கே இறங்குபவர் முதலில் பார்க்கும் கடை உங்களுடையதா என்று போய்ப் பாருங்கள்.

கையில் வருவது எல்லாம் உழைப்பல்ல

பஸ் தொழில் ஏமாற்றும் தொழில். ஏனென்றால் தினமும் கைநிறையக் காசு வரும். கடைக்காரருக்கு கடன் கொப்பி இருக்கிறது. பஸ்காரருக்கு எல்லாம் ரொக்கம். அந்தக் காசைக் கண்டு உழைப்பென்று நினைப்பவர் ஆறு ரயரும் ஒன்றாகத் தேயும் நாளில் விழித்துக்கொள்வார்.

மருமகனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு நடையிலும் டீசல், சாரதி, நடத்துநர், தரிப்பிடக் கட்டணம், சாப்பாடு. ஒவ்வொரு மாதமும் தவணை, ஓயில், சிறு திருத்தம். ஒவ்வொரு வருடமும் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், பேர்மிட் புதுப்பித்தல், பெயின்ற். சில வருடங்களுக்கு ஒரு தடவை என்ஜின் திருத்தம். ரயருக்கு என்று ஒவ்வொரு நடையிலும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காதவர் பஸ் வாங்கவே கூடாது. மாதத்தில் 30 நாளும் ஓடும் என்று கணக்குப் போடுவதும் பிழை. திருத்தம், வெள்ளம், ஹர்த்தால், சாரதியின் சுகயீனம் எல்லாம் உண்டு.

டீசல் என்ன செய்யும் என்பதை 2022 காட்டியது. அவ்வருட ஆரம்பத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. ஜூன் இறுதியில் 460 ரூபா. ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஜனவரியில் 17 ரூபாவாக இருந்து ஜூலையில் 40 ரூபாவானது. கட்டணம் இரண்டரை மடங்கைக்கூட எட்டவில்லை, டீசலோ நான்கு மடங்கை நெருங்கியது. விலை கூடியதைவிட, வரிசையில் நின்றும் டீசல் கிடைக்காமல் வண்டி நின்ற நாட்கள்தான் பலரை முறித்தன. அந்த வருடம் நான் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். 2016இல் கடனின்றி வாங்கிய ஒரு பழைய கோஸ்டர், உள்ளூர் லைனில். அது நின்றாலும் யாருக்கும் தவணை கட்ட வேண்டியிருக்கவில்லை.

லீசிங் என்றால் வட்டியா, இஜாரா முறையா என்பதை நமது வாசகர்கள் தாமே விசாரித்துக்கொள்வார்கள். நான் கூறுவது அதற்கு முந்திய விடயம். எந்த முறையானாலும் தவணைத் திகதி பாதையின் நிலையைக் கேட்டு வருவதில்லை.

சாரதியை மறந்துவிடாதீர்கள்

கடைசியாகச் சொல்வதுதான் முதலில் சொல்ல வேண்டியது. 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பஸ் ஒன்று கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் பலியானார்கள். இப்படியொரு செய்தி வரும்போது முதலாளிமார் ஒரு நிமிடம் தமது வண்டியை நினைக்க வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல் இரவில் ஓட்டி வந்தவரை அன்றிரவே திருப்பி அனுப்பினால் ஒரு சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும்?

சிறிய வண்டி ஓட்டியவரை நேரே நீள வண்டியில் ஏற்றுவதும் அதே பிழைதான். சட்டமும் இலகு பஸ்ஸுக்கும் கனரக பஸ்ஸுக்கும் வேறு வேறு சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கிறது. பத்திரம் இருந்தாலும் போதாது. அந்த வண்டியை அந்தப் பாதையில் ஓட்டிய கை வேண்டும். மருமகன் தன்னிடம் வேலை செய்ய ஒத்துக்கொண்ட சாரதியைப் பற்றிச் சொன்னான். நல்ல பொடியன்தான், ஏழு வருடம் கோஸ்டர் ஓட்டியவன். மலைப்பாதை ஏறியதே இல்லை.

கொப்பி

இவ்வளவும் பேசி முடிய இரவு பன்னிரண்டு மணியாகிவிட்டது. மருமகனின் முகம் வாடியது. "அப்ப சைன் வைக்க மாட்டீங்க?" என்றான். ஒரு நிபந்தனை சொன்னேன். இரண்டு கிழமைக்குக் கடையை ராத்தாவும் தம்பியும் பார்க்கட்டும். நீ அந்த லைனில் நாலு தடவை கொழும்புக்குப் போய் வா. போகாத இரவுகளில் தரிப்பிடத்தில் நின்று பார். ஒரு கொப்பியில் எத்தனை பேர் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எத்தனை பொதி, வண்டி எங்கே தாமதித்தது என்று எழுது. பிறகு வா, படிவத்தைப் பார்ப்போம்.

போனான். சிவந்த கண்களோடு திரும்பி வந்து கொப்பியை என் முன் வைத்தான். வியாழன் இரவும் ஞாயிறு இரவும் சீட் நிரம்பியிருந்தது. செவ்வாய், புதன் இரவுகளில் பாதிகூட இல்லை. பொதிகள் அவன் நினைத்ததில் மூன்றிலொன்று. "சாமான் எல்லாம் லொறியில வருது மாமா. நானே என் கடைச் சாமானை லொறியிலதானே போடுறன்" என்று சொல்லித் தானே சிரித்தான்.

பஸ் ஆசை அவனை விட்டுப் போய்விடவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருந்தான். காலையில் ஒலுவில் பல்கலைக்கழகப் பக்கம் போகும் வண்டிகளில் தொங்கிக்கொண்டு போகும் சனத்தை இரண்டு நாள் எண்ணியிருக்கிறான். அந்த லைனுக்கு மாகாண அதிகாரசபையில் பேர்மிட் கோரல் எப்போது வரும் என்று விசாரித்தும் இருக்கிறான். அதற்கு ஒரு பழைய கோஸ்டர் போதும். கடை அறையை விற்கத் தேவையில்லை.

படிவம் இன்னும் என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது, கையொப்பமில்லாமல். கொப்பியை மட்டும் அவனிடமே திருப்பிக் கொடுத்து, மீதிப் பக்கங்களையும் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். பஸ் வாங்க நினைக்கும் வர்த்தக சகோதரர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அதுதான். வண்டியைப் பார்க்கப் போகுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். பத்து இரவு பாதையில் நின்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சரி என்றால் வண்டி தேடுவது பெரிய வேலையல்ல.